கிரேன் ஃப்ளை: படத்தைப் பாத்துப் பேர் சொல்லணும்னா எதைப் படம் எடுக்கணும்?

வணக்கம் மக்களே. ஐப்பசி மழை எறங்கியாச்சு. பிசான வயக்காட்டுப் பக்கமோ வாய்க்கா ஓரமோ வீடு இருக்கவங்க, ராத்திரி வாசல் டியூப்லைட்டுக்குக் கீழ சுவரைப் பாருங்க. கால் நீள நீளமா ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும். "யப்பா, எம்மாம் பெரிய கொசு"ன்னு விளக்குமாத்தைத் தூக்காதீங்க. அதுதான் கிரேன் ஃப்ளை. கடிக்காது, ரத்தம் உறிஞ்சுத வாயே அதுக்குக் கெடையாது.

உலகத்துல 15,000-க்கும் மேல இனம் பேர் வச்சிருக்காங்க. அதுல 11,000-க்கு மேல சார்ல்ஸ் அலெக்சாண்டர்னு ஒரே ஆளு விவரிச்சது. ஆக, முதுகுப் பக்கம் ஒரே ஒரு படத்தை எடுத்துட்டு "இது என்ன இனம்"னு கேட்டா, பெரும்பாலும் பதில் வராது. அழகான படம் வேற, அடையாளம் காட்டுத படம் வேற.

மொதல்ல, இது கிரேன் ஃப்ளைதானா? ரெக்கை ரெண்டுதான் இருக்கணும், அதுக்குப் பின்னால குண்டூசி மாதிரி ரெண்டு காம்பு. நாலு ரெக்கை இருந்தா அது பிட்டாசிடே குடும்பம், வேற வகைப் பூச்சி. நெஞ்சுப் பகுதியோட முதுகுப் பக்கத்துல 'வி' எழுத்து மாதிரி ஒரு கோடு ஓடும், இதை மறக்காம ஃபோகஸ் பண்ணுங்க.

அடுத்தது குடும்பம். நம்ம பக்கம் முக்கியமா ரெண்டு: டிபுலிடே, லிமோனிடே. ரெக்கையை விரிச்சு வச்சா டிபுலிடே, மடக்கி வச்சா லிமோனிடேன்னு சொல்லுதாங்க. அது சும்மா ஒரு ஜாடைதான், அதை நம்பி முடிவு பண்ணாதீங்க. தலையைப் பக்கவாட்டுல எடுங்க. வாய்க்குக் கீழ தொங்குத பால்ப்புல (நெத்தியில இருக்க உணர்கொம்பு இல்ல, வாயோட சேந்த குட்டி நீட்சி) கடைசிக் கணு சாட்டை மாதிரி நீளமா இருந்தா டிபுலிடே, குட்டையா இருந்தா லிமோனிடே. ரெக்கையோட முன்விளிம்புக்கு அடுத்தாப்புல ஓடுத சப்காஸ்டா நரம்பு, லிமோனிடேல விளிம்புலயே போய் முடியும். டிபுலிடேல பெரும்பாலும் உள்ள திரும்பி அடுத்த நரம்புல சேந்துரும்.

இந்த நரம்பு தெரியணும்னா வெளிச்சம் பின்னாலருந்து வரணும். சுவர்ல இருக்கையில ஃப்ளாஷ் போட்டா ரெக்கை பளபளன்னு மின்னி நரம்பு மறைஞ்சு போவும். காலையில ஜன்னல் கண்ணாடியில ஒக்காரும், அப்ப எடுங்க. ஃப்ளாஷ் போட்டே ஆகணும்னா முன்னால பட்டர் பேப்பர் ஒரு துண்டு ஒட்டிக்கோங்க. டிஜிட்டல் ஜூம் வேண்டாம். ஃபோன் தானா ஷார்ப் பண்ணும்போது இல்லாத நரம்பைக்கூட வரைஞ்சு வச்சிரும். கிளிப் மேக்ரோ லென்ஸ் இருந்தா போதும்.

இப்ப ஒரு உதாரணம். மஞ்சள் உடம்பு, நெஞ்சு முதுகுல மினுமினுன்னு மூணு கருப்புப் பட்டை. இது நெஃப்ரோடோமா, டிபுலிடே குடும்பத்துல ஒரு பேரினம். இதோட நிறுத்திக்கிட்டா பேரினம் வரைக்கும் சரி. இனத்துக்குப் போவணும்னா ஓரப் பட்டை ரெண்டும் முன்னால நேரா முடியுதா, வெளிப்பக்கம் வளையுதான்னு பாக்கணும். தலைக்குப் பின்னால, பிடரியில ஒரு கரும்புள்ளி இருக்கும். அது முக்கோணமா, உருண்டையா, மழுங்கலா? ரெக்கை நுனிப் பக்கம் முன்விளிம்புல உள்ள திட்டு கருப்பா, வெளிறினதா? பிடரியை யாரும் படம் எடுக்கிறதே இல்ல. பாதி நெஃப்ரோடோமா பேர் இல்லாம கெடக்கிறது இதனாலதான்.

நிறத்தை மட்டும் நம்பாதீங்க. கூட்டுப்புழுவுலருந்து அப்பத்தான் வெளிய வந்தது வெளுப்பா இருக்கும். டியூப்லைட் வேற பச்சை ஏத்தி விட்டுரும்.

வாலுதான் ரொம்ப முக்கியம். ஊசி மாதிரி கூராப் போனா பொட்டை. கொட்டுமோன்னு பயப்படாதீங்க, அது முட்டை வைக்கிறதுக்கு. நுனி மழுங்கி, வீங்கின மாதிரி இருந்தா ஆண். நிறைய இனத்தை ஆணோட வால் நுனியை வச்சுத்தான் பிரிக்காங்க. அதனால அதைப் பக்கவாட்டுல ஒண்ணு, மேலருந்து ஒண்ணு, நேர் பின்னாலருந்து ஒண்ணுன்னு எடுங்க. அதுவும் பத்தாத இனங்கள் இருக்கு. நுனியை வெட்டி காஸ்டிக் பொட்டாஷ் (உரப் பொட்டாஷ் இல்ல) கரைசல்ல போட்டு மைக்ரோஸ்கோப்புல பாத்தாத்தான் தெரியும், படம் உதவாது. அப்ப "நெஃப்ரோடோமா, ஆண்"னு எழுதி விட்டுருங்க. தப்பான இனப்பேரை விட அது எவ்வளவோ மேல்.

படத்தைப் பாத்துப் பேர் சொல்லுத ஆப் "டிபுலா பலுடோசா"ன்னு காட்டுனா உடனே அழுத்திராதீங்க. அது ஐரோப்பாப் பூச்சி, நம்ம வயக்காட்டுல அதுக்கு என்ன ஜோலி? ஊஸ்டர்புரூக்னு ஒரு ஆய்வாளர் தொகுத்த உலக கிரேன் ஃப்ளை பட்டியல் இணையத்துல இருக்கு. எந்த இனம் எந்த நாட்டுல பதிவாயிருக்குன்னு அதுல பாத்துக்கோங்க.

அளவுக்குப் பத்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்துல, பூச்சி இருக்க அதே மட்டத்துல வையுங்க, அதோட குறுக்களவு 27 மி.மீ. கால் நீளத்தை அளக்காதீங்க, தொட்டாலே கழண்டு விழுந்துரும். ரெக்கை நீளந்தான் கணக்கு. முண்டந்துறை, மாஞ்சோலைப் பக்கம் போனா படத்தோட நிறுத்திக்கோங்க. அங்கன பூச்சியைப் பிடிக்கிறதுக்கு வனத்துறை அனுமதி வேணும்.

ஒரே சுவர்ல மூணு பூச்சி இருந்தா, ஒண்ணை முழுசா எடுத்து முடிச்சுட்டு, நடுவுல உங்க கையை ஒரு படம் எடுத்துட்டு அடுத்ததுக்குப் போங்க. இல்லன்னா ஒண்ணோட தலையும் இன்னொண்ணோட வாலும் சேந்து, உலகத்துல எங்கயும் இல்லாத பூச்சி ஒண்ணு உங்க ஃபோனுக்குள்ள இருக்கும்.