பழைய வண்டிக்குப் புதிய ஸ்ட்ரட்

நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி வட்டாரத்தில் நெடுங்காலமாக வாகனப் பட்டறை நடத்தி வருபவன் என்ற முறையில், பத்து ஆண்டுகளைக் கடந்த எஸ்யூவி வண்டிகளுக்கு ஸ்ட்ரட், அதாவது சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே ஸ்பிரிங்கோடு சேர்ந்து அதிர்வை அடக்கும் தூண், மாற்றும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று பேசுமாறு நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டுக்கு மிகவும் வேண்டிய பேச்சு இது. எங்கள் பக்கத்து வண்டிகள் வாழும் வாழ்க்கையே தனி. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருக்க, வண்டி கொட்டகையில் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும். கல்யாணமோ முன்னோருக்குச் செய்யும் படைப்போ வந்து எல்லோரும் ஊருக்கு வந்து இறங்கிய பிறகு, ஆட்களும் வெள்ளிச் சாமான் பெட்டிகளும் எவர்சில்வர் அண்டாக்களுமாக அதே வண்டி ஒரே நாளில் பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இளையாத்தங்குடி என்று கோயில் கோயிலாகச் சுற்றி வரும். நிற்பதும் ஒரு தேய்மானம், திடீரென்று சுமப்பதும் ஒரு தேய்மானம். ஸ்ட்ரட் தேர்வு செய்கிறவர் இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி 2013ஆம் ஆண்டு ரெனோ டஸ்டர் வண்டி ஒன்றை அனுப்பியிருந்தார்கள். "தம்பி, பின்னால உக்காந்து போச்சு. நாலுக்கும் நல்லா கெட்டியான ஷாக்காப் பாத்துப் போட்டுரு" என்று தொலைபேசியில் சொன்னார்கள். சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே உடலின் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து பார்த்தேன். பின்னால் இடப்பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தது. வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது, ஸ்பிரிங்கின் அடிச்சுற்று துருப்பிடித்து முறிந்து, முறிந்த துண்டு அதன் இருக்கையிலேயே ஒளிந்துகொண்டிருந்தது. ஆச்சி கேட்டபடி எவ்வளவு விலை உயர்ந்த ஷாக்கைப் போட்டிருந்தாலும் அந்த வண்டி ஓர் அங்குலம்கூட எழுந்திருக்காது.

இந்த ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கி ஏறிய ஸ்பிரிங் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்காமல் அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதன் உள்ளே ஒரு தண்டும், தண்டின் நுனியில் சிறு துளைகளும் வால்வுகளும் கொண்ட பிஸ்டனும், சுற்றிலும் எண்ணெயும் இருக்கின்றன. சக்கரம் அசையும்போது எண்ணெய் அந்தத் துளைகளின் வழியே நெருக்கிக்கொண்டு போக வேண்டியிருப்பதால், ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிக் கரைந்துவிடுகிறது. வண்டி தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங்கைப் பாருங்கள், ஆட்டம் நிற்கவில்லை என்றால் ஷாக்கைப் பாருங்கள்.

ஸ்ட்ரட் என்பது இந்த ஷாக் அப்சார்பரே வண்டியின் ஓர் எலும்பாகவும் மாறிய அமைப்பு. எர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் வழங்கும் இதில், ஸ்பிரிங் ஷாக்கின் மேலேயே அமர்ந்திருக்கும், சக்கரத்தைத் தாங்கும் பகுதி அதன் அடியில் நேராக முடுக்கப்பட்டிருக்கும், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முழு ஸ்ட்ரட்டும் சேர்ந்து திரும்பும். டஸ்டர், ஈகோஸ்போர்ட், எக்ஸ்யூவி 500 ஆகியவற்றின் முன்பக்கம் இந்த அமைப்புதான். ஸ்கார்ப்பியோ, பழைய சஃபாரி போன்றவற்றில் அப்படியில்லை. அங்கே ஷாக் தனி உருப்படி, அதை மட்டும் கழற்றி மாட்டிவிடலாம். ஆகவே கடைக்குப் போகும் முன் உங்கள் வண்டியில் இருப்பது எது என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விலையும் வேலையும் அதைப் பொறுத்தே மாறும்.

மாற்ற வேண்டிய நிலை வந்துவிட்டதா என்பதை எப்படி அறிவது? பானெட்டை அழுத்திவிட்டு வண்டி எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழக்கம் பலருக்கு உண்டு. கனத்த எஸ்யூவியில் கை அழுத்தம் அவ்வளவாக எதையும் காட்டாது. டயரைத் தடவிப் பார்ப்பது அதைவிட நல்லது. சுற்றுமுழுவதும் சீராகத் தேயாமல், கைக்கு மேடும் குழியுமாகத் தட்டுப்பட்டால், சக்கரம் சாலையை விட்டு விட்டுத் துள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பிறகு ஸ்ட்ரட்டையே பார்க்க வேண்டும். எங்கள் செம்மண் சாலைகள் இந்த வேலையை எளிதாக்குகின்றன, ஏனென்றால் எண்ணெய் கசிந்த இடத்தில் செம்புழுதி ஒட்டி, ஈரக் குங்குமம் போல அப்பிக்கொண்டு நிற்கும். மேல்பகுதியில் மட்டும் மெல்லிய ஈரப்பசை இருந்தால் அஞ்ச வேண்டாம், தண்டு ஏறி இறங்கும்போது, எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் வளையமான சீல் கொஞ்சம் எண்ணெய் பூசத்தான் செய்யும். அந்தச் சிவந்த அப்பல் குழாயின் அடிவரை இறங்கியிருந்தால் அதன் காலம் முடிந்தது. சின்னச் சின்னக் கற்களில் ஏறும்போது 'டக் டக்' என்று கேட்கும் ஓசைக்காக மட்டும் ஸ்ட்ரட் வாங்கிவிடாதீர்கள், பெரும்பாலும் அது வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் லிங்க் ராடாகவோ, சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கையின் ரப்பர் உறையான லோயர் ஆர்ம் புஷ்ஷாகவோ இருக்கும்.

இனித் தேர்வுக்கு வருகிறேன். கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று இரட்டைக் குழாய் வகை. உள்குழாயில் பிஸ்டனும், அதைச் சுற்றிய வெளிக்குழாயில் மிச்ச எண்ணெயும் இருக்கும். இவற்றில் பலவற்றில் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் வாயுவும் அடைத்திருப்பார்கள். இதைத்தான் கடைக்காரர்கள் 'கேஸ் ஷாக்' என்கிறார்கள். வாயு வண்டியைத் தூக்கி நிறுத்துகிறது என்று நினைப்பது தவறு. தொடர்ந்த ஆட்டத்தில் எண்ணெய் நுரைத்துப் போகாமல் அழுத்திப் பிடிப்பதே அதன் வேலை, நுரைத்த எண்ணெய் துளைகளின் வழியே தடையின்றி ஓடிவிடும். மற்றொன்று ஒற்றைக் குழாய் வகை. இதில் வாயு மிக உயர்ந்த அழுத்தத்தில் தனியறையில் இருக்கும். வெப்பம் சீக்கிரம் வெளியேறுவதால் மலைச்சாலையிலும் நீண்ட கரடுமுரடான பயணத்திலும் அது சோர்வதில்லை. ஆனால் விலை அதிகம், சிறு அதிர்வுகளில் உடம்புக்குக் கொஞ்சம் முரடாகப் படும், பிஸ்டன் ஓடும் குழாயே வெளிக்குழாயும் ஆனதால் கல் பட்டு நசுங்கினால் அதோடு சரி. சரளைக்கல் தெறிக்கும் எங்கள் கிராமத்துச் சாலைகளில், பெரியவர்கள் அமர்ந்து செல்லும் வண்டிக்கு, தயாரிப்பாளர் முதலில் பொருத்திய அதே தன்மையுள்ள, வாயு நிரப்பிய இரட்டைக் குழாய் வகையையே நான் போடச் சொல்வேன். கெட்டியானது உறுதியானது என்ற எண்ணம் எங்கள் ஊரில் ஆழமாக இருக்கிறது. அளவுக்கு மீறிக் கெட்டியான ஷாக், பழைய வண்டியின் மவுண்டுகள் எனும் ரப்பர் தாங்கிகளையும் புஷ்களையும் பயணிகளின் முதுகையும்தான் முதலில் தாக்கும்.

பெயர் பெற்ற தயாரிப்பை வாங்கினாலும் உதிரிபாக எண் சரியாக இருக்க வேண்டும். டீசல் எஞ்சின் கனமானது என்பதால் அதற்கும் பெட்ரோல் வண்டிக்கும் ஸ்பிரிங்கும் சில வேளைகளில் ஸ்ட்ரட்டும் மாறும். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டிக்கும் இல்லாததற்கும் மாறும். பிரேக் குழாயையும் லிங்க் ராடையும் பிடிக்கும் கொக்கிகளின் இடத்தைப் பொறுத்து, வலமும் இடமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும். ஆகவே வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்காமல், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஈகோஸ்போர்ட், பழைய டஸ்டர் இரண்டின் உற்பத்தியும் இந்தியாவில் நின்றுவிட்டதால், அலமாரியில் நெடுநாள் கிடந்த சரக்கும் போலிச் சரக்கும் கைக்கு வர வாய்ப்புண்டு. தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

ஸ்ட்ரட்டை வண்டியின் உடலோடு இணைக்கும் மேல் மவுண்ட், அதனுள் சுழலும் பேரிங், ஸ்ட்ரட் அடிவரை இறங்கி மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பர், தூசி உறை ஆகிய நான்கையும் ஸ்ட்ரட்டோடு சேர்த்தே வாங்க வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், வாடிக்கையாளருக்குச் செலவைக் குறைப்பதாக நினைத்துப் பழைய மவுண்டையே மாட்டிக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு விடுபடும் ஓசையோடு அந்த வண்டி திரும்பி வந்தது. முழு வேலையையும் மறுபடி இலவசமாகச் செய்து கொடுத்தேன். அன்று முதல் மவுண்ட் வேண்டாம் என்பவர்களிடம் வேலையையே ஏற்பதில்லை. தூசி உறை எங்கள் ஊருக்கு இன்னும் முக்கியம். அது கிழிந்த வண்டி மாதக்கணக்கில் நிற்கும்போது தண்டில் ஈரம் தங்கித் துருப்புள்ளிகள் விழும், வண்டி கிளம்பிய அன்று அந்தப் புள்ளிகளே அரம் போல் சீலைக் கிழித்துவிடும். ஒரு பக்கம் மட்டும் கசிந்தாலும் இருபக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபுறமாகச் சாயப் பார்க்கும்.

பழைய ஸ்ட்ரட்டைத் துளைத்து, கெட்டியான எண்ணெய் ஊற்றி, வெல்டு வைத்துத் தருகிறோம் என்பார்கள். வேண்டவே வேண்டாம். வால்வின் துளைகள் ஒரு குறிப்பிட்ட எண்ணெய்க்காக அளந்து அமைக்கப்பட்டவை, தேய்ந்த தண்டும் சீலும் அப்படியேதான் இருக்கும், வெல்டு சூடு பக்கத்தில் உள்ள ரப்பரையும் கெடுத்துவிடும்.

பொருத்தும்போது இரண்டு காட்சிகளை நீங்கள் சற்றுத் தள்ளி நின்று பார்க்கலாம். அமுக்கிய ஸ்பிரிங் உயிரையே வாங்கக்கூடியது, ஆகவே நல்ல ஸ்பிரிங் கம்ப்ரஸர் இரண்டு பக்கமும் சமமாகப் பிடித்த பிறகே நடு நட்டை அவிழ்க்க வேண்டும். அது முழுமையாகப் பிடிக்கும் முன் யாராவது நட்டில் கை வைத்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். மற்றொன்று, புதிய இரட்டைக் குழாய் ஸ்ட்ரட்டை நிமிர்த்திப் பிடித்து, தண்டை முழுதாக இறக்கி ஏற்றி நான்கைந்து முறை செய்வது. படுக்கையில் கிடந்தபோது உள்குழாயில் புகுந்த காற்று அப்போதுதான் வெளியேறும். முதல் இரண்டு அழுத்தலில் கை சடக்கென்று இறங்கும், பிறகு எண்ணெய் தடுப்பது கைக்கே தெரியும். தண்டைப் பிளையரால் பிடிக்க விடாதீர்கள், மயிரிழைக் கீறல் போதும் சீலைக் கெடுக்க. வேலை முடிந்த அன்றே சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் வீல் அலைன்மெண்ட் செய்துவிட வேண்டும், ஏனென்றால் பல வண்டிகளில் சக்கரத்தின் சாய்வு, ஸ்ட்ரட்டை அடியில் முடுக்கும் விதத்தைப் பொறுத்து மாறும்.

கானாடுகாத்தான் வண்டிக்குப் பின்பக்க ஸ்பிரிங் இரண்டும், முன்பக்க ஸ்ட்ரட் ஒரு ஜோடியும் மவுண்ட் சாமான்களும் போட்டோம். பின்பக்க ஷாக்குகள் நன்றாகவே இருந்ததால் அவற்றைத் தொடவில்லை. ஆச்சியிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவியைக் கொடுத்து, வாரத்துக்கு ஒரு முறை வண்டியைப் பள்ளத்தூர் வரை ஓட்டி வரச் சொல்லுங்கள். சீல் எண்ணெயில் நனைந்தே இருக்கும்.

வணக்கம்.