நிஷிதாவின் புகழை நிலைநிறுத்தியது அவர் சிந்தனையே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். ஜப்பானிய மெய்யியலாளர் நிஷிதா கித்தாரோவின் புகழ் இன்றளவும் நிலைத்திருப்பது அவருடைய சிந்தனையாலா, காலச் சூழலாலா என்பதே நம்முன் உள்ள வழக்கு. சிந்தனையால்தான் என்று வாதிட வந்திருக்கிறேன்.

1947-இல் அவருடைய முழுத்தொகுப்பின் முதல் தொகுதி வெளிவந்தபோது, தோக்கியோவில் இவானாமி பதிப்பகத்தின் வாசலில் மக்கள் இரவு முழுவதும் வரிசையில் காத்துக் கிடந்ததை எதிரணித் தலைவர் குறிப்பிட்டு, போருக்குப் பின் நிலவிய புத்தகப் பஞ்சமே அதற்குக் காரணம் என்றார். பஞ்சம் இருந்தது உண்மைதான். ஆனால் 'நன்மை குறித்த ஆய்வு' என்னும் அவருடைய முதல் நூல் 1911-இலேயே வந்துவிட்டது. எழுத்தாளர் குராதா ஹியாகுசோ அதைப் போற்றி எழுத, 1921-இல் மறுபதிப்புக் கண்டு அது இளைஞர்களிடையே பரவியபோது எந்தப் போர் முடிந்திருந்தது? பாராட்டுரை ஒரு நூலை வாங்க வைக்கலாம். நூறாண்டுக்கு மேலாகப் படிக்க வைக்குமா?

கியோத்தோவில் கால்வாய்க் கரையோரம் அவர் நினைவைச் சுமக்கும் 'மெய்யியல் பாதை'யில் நடப்பவர்களை நான் சான்றாக அழைக்கவில்லை; அங்கே செர்ரிப் பூக்களைக் காண வருபவர்களும் ஏராளம். நூலைத் திறப்பவர்களைத்தான் அழைக்கிறேன். ஒரு நிறத்தைப் பார்க்கும்போது, இது வெளியே உள்ள பொருள் என்றோ, நான் இதைக் காண்கிறேன் என்றோ, இது இன்ன நிறம் என்றோ எண்ணம் எழுவதற்கு முந்தைய நிலையை அவர் தூய அனுபவம் என்கிறார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செங்குத்துப் பாறையில் ஏறுபவரையும், பழகித் தேர்ந்த இசையை வாசிப்பவரையும் அதற்கு எடுத்துக்காட்டுகிறார். நடை கடினம் என்று ஜப்பானியரே குறை சொன்ன எழுத்து அது. ஆனாலும் பாறையில் ஏறுகிறவரை எந்த வாசகருக்கும் புரிகிறது.

அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. 1907-இல் இரண்டு பெண் குழந்தைகளையும், 1920-இல் மூத்த மகனையும், 1925-இல் மனைவியையும் பறிகொடுத்தவர் அவர். மெய்யியலுக்குத் தூண்டுதல் வியப்பன்று, வாழ்க்கையின் ஆழ்ந்த துயரமே என்று பின்னாளில் எழுதினார். துயருற்றவர்கள் அவரை நாடுவதற்கு ஒரு காலச் சூழல் எதற்கு?

போர்க்கால அரசுடன் அவருக்கிருந்த தொடர்பையும் எதிரணியினர் நினைவூட்டினார்கள். அந்தக் கண்டனத்தை நான் சிறிதும் குறைக்க விரும்பவில்லை. அது எங்கள் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. சூழல்தான் அவரை உயர்த்தியது என்றால், அந்தச் சூழலே பழிக்கப்பட்ட 1945-க்குப் பிறகு அவர் பெயர் மங்கியிருக்க வேண்டும். அவரைக் கடுமையாகக் கண்டிப்பவர்களும் அவரை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் கண்டிக்கிறார்கள் என்பதைத் தீர்ப்பெழுதும்போது நடுவர் அவர்கள் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.