கக்கூஸில் ஒரு வீடு இருக்கிறது

அனைவருக்கும் வணக்கம். மேடையில் சொல்லக் கூச்சப்படும் ஒரு சொல்லைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்: கக்கூஸ். முகம் சுளிக்காமல் கேளுங்கள். இது வயதான, மரியாதைக்குரிய சொல்.

இது டச்சுக் கூட்டுச்சொல். 'கக்' என்றால் மலம். 'ஹொய்ஸ்' என்றால் வீடு. நம்முடைய கழிப்பு + அறை எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

முதல் பாதி மிகப் பழையது. மலங்கழிப்பதற்கு லத்தீனில் 'ககாரே' என்பார்கள். கிரேக்கத்திலும் இதே ஒலிதான். அங்கே மட்டுமா? நம் வீட்டுக் குழந்தையும் 'கக்கா' என்கிறதே! உடனே சொந்தம் கொண்டாட வேண்டாம். பேச்சு வராத குழந்தைகளின் வாயில் எங்கும் முதலில் வரும் ஒலிகளில் இதுவும் ஒன்று. அதனால்தான் கக்கூஸை நம்மில் பலர் தமிழ் என்றே நம்பிவிட்டோம்.

1610-ல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டுக்கு வந்தார்கள். 1658-ல் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். துட்டு அவர்கள் காசு. இலங்கைத் தமிழர் அலுவலகத்தைச் சொல்லும் கந்தோரும், பீன்ஸைச் சொல்லும் போஞ்சியும் அவர்கள் வழி வந்தவை. நாம் 'வெளிக்கு', 'கொல்லைக்கு' என்று போய்க்கொண்டிருந்தோம். அதற்கென்று நாலு சுவர் எழுப்பியபோது அந்தக் கட்டடத்தின் பெயரும் கூடவே வந்தது. சிங்களத்தில் அது 'கக்குஸ்ஸி', இந்தோனேசியாவில் 'காக்குஸ்'.

சரி, 'ஹொய்ஸ்' எப்படி 'ஊஸ்' ஆனது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பழைய டச்சில் வீடு என்பது 'ஹூஸ்'. ஆங்கிலத்தின் ஹவுஸும் ஜெர்மனின் ஹவுஸும் அதே வேரில் பிறந்தவை. ஹாலந்துப் பகுதியில் அந்த உயிரொலி திரிந்து 'ஹொய்ஸ்' ஆகிவிட்டது. ஆனால் தெற்கே சேலாந்து கடற்கரையில் இன்றும் பழைய ஒலியின் சாயல் இருக்கிறது. உதட்டைக் குவித்து, ஹகரத்தையும் விழுங்கி, 'ஊஸ்' என்பது போலச் சொல்வார்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளில் ஒன்று அந்தச் சேலாந்தின் மிடில்பர்க் நகரில்தான் இருந்தது. அந்த ஊர் மாலுமிகளின் வாய்மொழி நம் காதில் விழுந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அப்புறம் நம் இலக்கணம் வேலை செய்திருக்கிறது. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும். கண் + அழகு கண்ணழகு ஆவதுபோல, கக் + ஊஸ், கக்கூஸ்.