ஹீமோகுளோபின் மீட்டர் நாமே செய்யலாம். கவனம் முழுக்க அந்த ஒரு துளியில்தான்

வணக்கம் நண்பர்களே. மேசையில் இருப்பது ஒரு ஹீமோகுளோபின் மீட்டர். ஒரு பச்சை எல்ஈடி, எதிரே அந்த ஒளியை அளக்க ஒரு போட்டோடயோடு, நடுவில் குவெட் என்கிற சின்ன ஒளிபுகும் கிண்ணம், கணக்குப் போட மைக்ரோகன்ட்ரோலர் என்கிற குட்டிக் கணினிச் சிப். சர்க்யூட் இவ்வளவுதான். ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க இப்படி ஒரு கருவி எல்லாச் சின்ன கிளினிக்கிலும் இருக்க வேண்டும், அதற்காகத்தான் இதில் இறங்கியிருக்கிறேன்.

ரத்தத்தை ஒரு கரைசலில் கலந்தால் சிவப்பணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் வெளியே வரும். 540 நானோமீட்டர் பக்கத்தில் பச்சை ஒளியை அது நன்றாக உறிஞ்சும். ஹீமோகுளோபின் கூடக்கூட மறுபக்கம் வந்து சேரும் ஒளி குறையும். லேப்களில் பல காலமாக இருக்கும் டிராப்கின் கரைசலில் சயனைடு உண்டு. நம் மேசைக்கு அது வேண்டவே வேண்டாம். சயனைடு இல்லாத சோடியம் லாரில் சல்ஃபேட் முறை இருக்கிறது, கிட்டத்தட்ட அதே அலைநீளத்தில் படிக்கலாம்.

இப்போது திரையைப் பாருங்கள். குவெட்டில் வெறும் கரைசல்தான், ஆனாலும் வந்து சேரும் ஒளியைக் காட்டும் எண் மெல்ல மெல்ல இறங்குகிறது. எல்ஈடி சூடாகச் சூடாக வெளிச்சம் மங்குகிறது, மீட்டரோ ரத்தம்தான் ஒளியை மறைக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் குவெட்டுக்கு முன்னாலேயே இன்னொரு போட்டோடயோடு வைத்து, இரண்டுக்கும் உள்ள விகிதத்தை எடுக்கிறேன். அறை வெளிச்சத்துக்கு வழி இன்னும் எளிது: எல்ஈடியை அணைத்து ஒரு முறை படித்து, அதைக் கழித்துவிட வேண்டும்.

சரி, இனி துளிக்கு வருவோம். 5 மில்லிலிட்டர் கரைசலுக்கு 20 மைக்ரோலிட்டர் ரத்தம் என்பது கணக்கு. 18தான் ஏறியது என்றால் விடையில் 10 சதவீதம் போச்சு. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டரில் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உண்மையில் 12.5 இருப்பவருக்கு நம் மீட்டர் 11.3 காட்டும். 22 ஏறினால் இன்னும் மோசம்: 11.2 இருப்பவருக்கு 12.3 காட்டி, ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடும். பாதிப்பு அவருக்குத்தான். போட்டோடயோடின் சிக்னலை எண்ணாக மாற்றும் ஏடிசி சிப்பை, நுணுக்கமான 16 பிட்டாகவே போட்டாலும் இதைத் திருத்த முடியாது. காசு செலவழிப்பதாக இருந்தால் ஏடிசியை விட்டுவிட்டு, அளவு மாறாத கேபிலரிக்கு, அதாவது ரத்தத்தை உறிஞ்சி எடுக்கும் மெல்லிய குழாய்க்கு, செலவழியுங்கள்.

கேபிலரியின் வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும் ரத்தத்தைத் துடைத்த பிறகே கரைசலில் விட வேண்டும். துடைக்கும்போது பஞ்சு நுனியைத் தொட்டால் உள்ளே இருப்பதையும் உறிஞ்சிவிடும். விரலைப் பிழியவும் கூடாது. திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துவிடும். முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். விரலைக் குத்தும் லான்செட் ஊசி ஒருவருக்கு ஒன்று, ஒரே முறைதான்.

அப்புறம் கேலிபரேஷன், அதாவது அளவு தெரிந்த மாதிரிகளை வைத்து மீட்டரைச் சரிபார்ப்பது. எல்ஈடியின் ஒளி ஒரே அலைநீளம் இல்லை, கொஞ்சம் அகலமாகப் பரவியிருக்கும். அதனால் ஹீமோகுளோபின் அளவு ஏற ஏற, அதற்கும் உறிஞ்சப்படும் ஒளிக்கும் போடும் வரைபடத்தின் நேர்கோடு வளைந்துவிடும். இரண்டு புள்ளி போதாது. நான்கைந்தாவது வேண்டும், அதிலும் 10க்கும் 13க்கும் நடுவே நெருக்கமாக. லேப் அனலைசரோடு ஒப்பிட்டு முடிக்கும்வரை இது காட்டும் எண்ணை வைத்து யாருக்கும் மருந்து முடிவு செய்யாதீர்கள்.

லேபில் வேலை பார்ப்பவர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், 20 மைக்ரோலிட்டருக்கு எந்த மாதிரி கேபிலரி கையில் சரியாக நிற்கிறது என்று எழுதுங்கள். அடுத்த வீடியோவில் அதையே போட்டுச் சோதிக்கிறேன்.