சருகைக் கூட்டாதீர்கள்

மாணவ நண்பர்களே, உடன் பணியாற்றும் ஆசிரியர்களே, வணக்கம்.

கல்லூரிக்கென்று ஒரு காடு இருக்கிறது என்றால், பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "உள்ளே என்ன விலங்கு இருக்கிறது?" என்பதுதான். நான் அவர்களைக் குனியச் சொல்வேன். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மரச்சட்டத்தைத் தரையில் போட்டு, அதற்குள் கிடக்கும் சருகை மேலிருந்து அடுக்கடுக்காக எடுக்கச் சொல்வேன். மேலே கிடப்பது நேற்று விழுந்த இலை. முழுசாக, மொறமொறவென்று இருக்கும். அதற்குக் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, வலை போல. இன்னும் கீழே போனால் எது இலை, எது மண் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பூஞ்சை வெள்ளை நூலாக ஓடியிருக்கும். விரல் பட்டால் மரவட்டை சுருண்டுகொள்ளும். காட்டுக்கே சோறு போடுகிற அடுக்களை அதுதான்.

அங்கே நடக்கும் வேலையை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. இலையைக் காயவைத்து, எடை போட்டு, நைலான் வலைப் பையில் வைத்துத் தைத்துத் தரையில் போட்டுவிட வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை சில பைகளை எடுத்து, ஒட்டிய மண்ணை உதறி, காயவைத்து மறுபடி எடை போட்டால், எவ்வளவு மட்கியது என்று தெரிந்துவிடும். கண் சிறிய வலையில் பாதி, கண் பெரிய வலையில் பாதி என்று வைத்தால் இன்னும் சுவாரசியம். சிறிய கண்ணுக்குள் பூஞ்சையும் பாக்டீரியாவும் நுழையும். மரவட்டையும் மண்புழுவும் நுழைய முடியாது. இரண்டுக்கும் உள்ள எடை வித்தியாசத்தில் அவற்றின் உழைப்பு தெரியும். பாடத்தில் 'மட்குதல்' என்று ஒரே சொல்லில் படித்துவிட்டுப் போவதை, இங்கே தராசில் பார்க்கிறோம்.

பல வருடங்களுக்கு முன் நான் பாடம் நடத்திய ஓர் இடத்தில், ஒரு மாணவி இப்படிப் பைகள் போட்டிருந்தார். ஏழு மாதம் ஆகியிருந்தது. முக்கியமான ஒருவர் பார்வையிட வருகிறார் என்று, முதல் நாள் ஆள் வைத்துக் காட்டைச் 'சுத்தம்' செய்துவிட்டார்கள். சருகோடு பைகளும் போயின. பட்டுப்போய் நின்ற ஒரு மரத்தையும் அறுத்துவிட்டார்கள். அதன் பொந்தில்தான் அந்த வருடம் ஆந்தை குஞ்சு பொரித்திருந்தது. கூட்டியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சருகு எதற்காகக் கிடக்கிறது என்று அவர்களுக்கு யாருமே சொல்லவில்லை, நான் உட்பட. அந்த மாணவி மறுபடி முதல் பையிலிருந்து தொடங்கினார். இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

பூங்காவுக்குப் பார்வை அழகு வேண்டும். இந்த மாதிரிக் காட்டுக்கு வேண்டியது ஒரே இடம், ஒரே முறை, விட்டுப்போகாத கணக்கு.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு வைட்டம் என்ற காடு 1942ல் வந்து சேர்ந்தது. 1947ல் டேவிட் லாக் என்ற பறவை ஆய்வாளர் அங்கே மரங்களில் கூட்டுப் பெட்டிகளை மாட்டினார். கிரேட் டிட் என்ற சிறு குருவி முதல் முட்டையை என்றைக்கு இட்டது, மொத்தம் எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு பறந்தது என்று எழுதும் வழக்கம் அப்போது தொடங்கியது. குருவிகளின் எண்ணிக்கையை எது கட்டுப்படுத்துகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. 1973ல் அவர் இறந்தார், கணக்கு நிற்கவில்லை. அந்த நோட்டுகள்தான் பிற்பாடு வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லின. 1960களோடு ஒப்பிட்டால், அந்தக் குருவி சுமார் இரண்டு வாரம் முன்னதாகவே முட்டையிடுகிறது. வசந்தகால வெப்பம் கூடியதால் ஓக் மரத்துப் புழுக்கள் சீக்கிரம் வருகின்றன. குஞ்சுகளுக்கு அவைதான் தீனி, அதனால் குருவியும் தேதியை முன்னால் நகர்த்திக்கொண்டது. நடுவில் பத்து வருடம் யாராவது சலித்துப்போய் விட்டிருந்தால் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

மாணவர்களால் பெரிதாக என்ன கண்டுபிடித்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு ரேமண்ட் லிண்டமனைக் காட்டுவேன். அமெரிக்காவில், இன்று மினசோட்டா பல்கலைக்கழகம் பராமரிக்கும் சீடர் க்ரீக் என்ற இடத்தில் உள்ள ஒரு சின்ன ஏரிதான், மாணவராக இருந்தபோது அவருடைய ஆய்வுக்களம். பாசியிலிருந்து மீன் வரை, யார் யாரைத் தின்கிறார்கள் என்பதை ஆற்றல் கைமாறும் கணக்காக எழுதினார். கட்டுரையை முதலில் மதிப்பிட்டவர்கள் வேண்டாம் என்றார்கள். கடைசியில் 1942ல் அது வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை, வயது 26தான். நீங்கள் பாடத்தில் வரைகிற உணவு அடுக்குப் படத்துக்குப் பின்னால் அந்த ஏரி இருக்கிறது.

சரி, பேசியது போதும். மரச்சட்டங்கள் வெளியே இருக்கின்றன, நான்கு பேருக்கு ஒன்று. எடுத்த சருகை எடுத்த வரிசையிலேயே திருப்பி வையுங்கள். விழுந்து கிடக்கும் கட்டையைப் புரட்டினால், பழையபடி மூடிவிட்டு வாருங்கள். பென்சிலில் எழுதுங்கள், நனைந்தால் பேனா மை கரைந்துவிடும். தேதி, நேரம், சட்டம் போட்ட இடம், இந்த மூன்றும் முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும்.