யானை வேட்டைக்குப் போன ராஜாவின் இடுப்பை உடைத்தது எது?

2012 ஏப்ரல். ஸ்பெயின் மன்னர் யுவான் கார்லோஸ், ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவுக்கு யானை வேட்டைக்குப் போயிருக்கிறார். வயது 74. போன இடத்தில் இடுப்பு உடைந்துவிடுகிறது. யானை மிதித்ததா? இல்லை. கால் இடறி விழுந்தார், அவ்வளவுதான். நாடு பொருளாதார நெருக்கடியில் திண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில், சத்தமில்லாமல் போன உல்லாசப் பயணம் ஓர் எலும்பால் ஊருக்கெல்லாம் தெரிந்துபோனது. மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது கேமரா முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டார்.

1994இல் போப் இரண்டாம் ஜான் பால் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடையெலும்பை உடைத்துக்கொண்டார். அதன்பின் கைத்தடி அவரை விடவில்லை. ராஜாவோ போப்போ, தரை ஆள் பார்ப்பதில்லை.

வணக்கம் நண்பர்களே. ‘இடுப்பு உடைந்துவிட்டது’ என்கிறோமே, உண்மையில் உடைவது இடுப்பு அல்ல, தொடையெலும்பின் மேல்முனை. காரணங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இவை நீங்கள் கேட்டுப் பழகியவைதாம்: எலும்புத் தேய்மானம் (எலும்பின் அடர்த்தி குறைந்து பலவீனமாவது), மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு வரும் எலும்பு இழப்பு, வைட்டமின் டி குறைவு, நீண்டகால ஸ்டீராய்டு, தூக்க மாத்திரை, கண்புரை, எழுந்து நின்றதும் தலைசுற்ற வைக்கும் ரத்த அழுத்த மாத்திரை. இந்த முறிவுக்கு ஆளாகிறவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பெண்கள். பெரும்பாலும் நின்ற நிலையிலிருந்து பக்கவாட்டில் விழுவதுதான் காரணம்; மாடியிலிருந்து விழவேண்டியதில்லை.

[திரையில்: தொடையெலும்பின் படம்]

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தொடையெலும்பின் உச்சியில் ஒரு பந்து, அதன் கீழே ஒடுங்கிய கழுத்து. டெல்டாக்காரர்களுக்குக் கடைமடை என்றால் விளக்கவேண்டாம். மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லா வயலையும் தாண்டிக் கடைசியாக வந்து சேரும் இடம். அந்தப் பந்துதான் நம் உடம்பின் கடைமடை! அதற்குப் போகும் ரத்தத்தில் பெரும்பகுதி, கழுத்தை ஒட்டிக் கீழிருந்து மேலே ஏறும் மெல்லிய குழாய்கள் வழியாகத்தான் போகிறது. கழுத்து உடைந்து விலகினால் வாய்க்காலும் அறுந்துவிடுகிறது. பயிர் காய்வதைப் போலப் பந்து உள்ளுக்குள்ளேயே செத்துப்போகலாம். அதனால்தான் வயதானவர்களுக்குக் கழுத்து முறிந்து விலகியிருந்தால், மருத்துவர் ஒட்டவைக்க மெனக்கெடாமல் பந்தையே எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்கிறார். அதே எலும்பு இரண்டு அங்குலம் கீழே உடைந்தால் கதை வேறு. அங்கே ரத்த ஓட்டம் தாராளம். உள்ளே கம்பியோ தகடோ வைத்துத் திருகினால் எலும்பு சேர்ந்துகொள்ளும். இரண்டு அங்குலத்தில் சிகிச்சையே மாறிவிடுகிறது!

‘மாவுக்கட்டுப் போட்டால் சேராதா?’ என்று பின்னூட்டத்தில் கேட்கப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். முழங்கையைக் கட்டுவதுபோல இந்த இடத்தைக் கட்டி அசையாமல் நிறுத்த முடியாது. சுற்றியிருக்கும் தடித்த தசைகள் எலும்பை இழுத்துக்கொண்டே இருக்கும்.

அதைவிட மோசம் படுக்கை. மாதக்கணக்கில் மல்லாந்து கிடந்தால் முதுகில் புண், நெஞ்சில் சளி கட்டி நிமோனியா, சிறுநீர்த் தொற்று. காலில் உறைந்த ரத்தம் நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடலாம். சிலர் திடீரென்று மருமகளை ‘அம்மா’ என்று கூப்பிட்டுப் பிதற்றுவார்கள், குடும்பமே பதறும். மூளைக் குழப்பம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள், பூசாரியிடம் அல்ல. இடுப்பு உடைந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார் என்பது உலகெங்கும் திரும்பத் திரும்பத் தெரிந்த கணக்கு. அதனால்தான் ஓரிரு நாளுக்குள் அறுவை சிகிச்சை, மறுநாளே எழுப்பி நிற்கவைப்பது என்று அவசரப்படுகிறார்கள். ‘இந்த வயதில் ஆபரேஷனா?’ என்று உறவினர்கள் கூடிப் பேசியே ஒரு வாரத்தைக் கடத்துவதுதான் எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம்.

என் பாட்டி விழுந்தபோது நாங்களும் அதைத்தான் செய்யப் பார்த்தோம். விடியற்காலை, கொல்லைப்பக்கக் கதவருகே கால்மிதி சறுக்கி விழுந்தார். ‘சுளுக்குதான், தைலம் கொண்டா’ என்றார். தைலம் தேய்க்கக் குனிந்த என் சித்திதான் கவனித்தார்: வலது கால் இடது காலைவிட இரண்டு விரற்கடை குட்டையாகத் தெரிந்தது, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இந்த இரண்டையும் பார்த்தால் தைலத்தைக் கீழே வைத்துவிட்டு ஆம்புலன்ஸை அழையுங்கள். விழுந்தவரைத் தூக்கி நடக்கவைத்துப் பார்க்காதீர்கள்.

அறுவை முடிந்ததும் எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து உண்டா என்று நீங்களாகவே கேளுங்கள். ஒரு பக்கம் உடைந்தவருக்கு மறுபக்கமும் உடையும் வாய்ப்பு கூடுதல். ஆனாலும் பல வீடுகளில் தையல் பிரித்ததோடு விஷயம் மறந்துபோகிறது. எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றித் தனியாக ஒரு வீடியோ வேண்டுமென்றால் கீழே எழுதுங்கள்.

பாட்டி வாக்கரைப் பிடித்தபடி வீட்டுக்குள் நுழைந்தார். கொல்லைக் கதவு வரை போய், வெறுந்தரையைப் பார்த்தார். முதல் கேள்வி: “என் கால்மிதியை எவன் தூக்கிப் போட்டது?”