எரிந்த ரோடாப்சினை அணைப்பது யார்?

[காட்சி: படுக்கையறை. ஸ்விட்ச் அணைகிறது. திரை முழுக்க இருட்டு.]

விளக்கை அணைத்ததும் முதலில் ஒன்றுமே தெரியாது. அப்புறம் கட்டில் விளிம்பு, கதவு, நாற்காலியில் கிடக்கும் சட்டை எல்லாம் சாம்பல் நிறத்தில் மெல்லப் புலப்படும். இது விழித்திரையின் கோல் செல்கள் பார்க்கும் வேலை. ஒரு கண்ணில் ஏறத்தாழ 12 கோடி கோல் செல்கள் இருக்கின்றன.

[காட்சி: ஒரு கோல் செல். உள்ளே காசு அடுக்கியதுபோல் தட்டுகள்.]

இந்தத் தட்டுகளில் ரோடாப்சின் என்ற புரதம் நிறைந்திருக்கிறது. அதன் நடுவே வளைந்து உட்கார்ந்திருப்பது ரெட்டினால், வைட்டமின் ஏ-யின் பிள்ளை. ஒரே ஒரு ஒளித்துகள் பட்டால் போதும், வளைந்தது நிமிர்ந்துவிடும். அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் துண்டைவிடக் குறைவு.

அந்த இடியில் ரோடாப்சினும் உருமாறி, டிரான்ஸ்டியூசின் என்ற இன்னொரு புரதத்தின் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எழுப்புகிறது. அவை ஒரு நொதியை முடுக்க, செல்லுக்குள் சேதி சுமக்கும் சைக்ளிக் ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறு சிதைகிறது. அதை நம்பிச் செல்லின் சவ்வில் திறந்திருந்த வாசல்கள் மூடிக்கொள்ள, சோடியமும் கால்சியமும் உள்ளே வருவது குறைகிறது. வேடிக்கை என்னவென்றால், கோல் செல் இருட்டில்தான் சுறுசுறுப்பு. வெளிச்சம் பட்டால் அடங்கிவிடும்.

சரி, பாடப்புத்தகம் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். எனக்குச் சுவாரசியம் இதற்குப் பிறகுதான். ஒளி பட்டு உருமாறி விளக்குபோல் எரிய ஆரம்பித்த ரோடாப்சின் எரிந்துகொண்டே இருந்தால், அடுத்த ஒளித்துகள் வந்தது எப்படித் தெரியும்?

[காட்சி: ரோடாப்சினின் வால் பகுதி, மிக அருகில்.]

வாலைப் பாருங்கள். ரோடாப்சின் கைனேஸ் என்ற நொதி அதில் பாஸ்பேட்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டுகிறது. ஒவ்வொன்று ஏறும்போதும் ரோடாப்சினின் வேகம் கொஞ்சம் தணிகிறது. சில ஒட்டியதும் அரெஸ்டின் என்ற புரதம் வந்து மூடிபோல் கவ்விக்கொள்ள, டிரான்ஸ்டியூசினுக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. இப்படிப் படிப்படியாக அணைவதில் ஒரு நன்மை உண்டு. ஒரே படியில் அணைந்தால், ஒரு முறை சட்டென்றும் இன்னொரு முறை வெகுநேரம் கழித்தும் அணையும். பல படிகள் இருந்தால் ஏற்ற இறக்கம் சமனாகி, ஒவ்வொரு ஒளித்துகளுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு சைகை கிடைக்கிறது.

இந்தக் கைனேஸுக்கும் ஒரு கடிவாளம் இருக்கிறது. இருட்டில் கால்சியம் நிறைந்திருக்கும்போது, ரிக்கவரின் என்ற புரதம் கைனேஸைப் பிடித்துவைக்கும். ஒளி பட்டுக் கால்சியம் குறைந்ததும் பிடி தளரும். கைனேஸ் வேலைக்குக் கிளம்பும்.

[காட்சி: விழித்திரையின் படம், பொன்னிறப் பளபளப்புடன்.]

இந்த அணைப்பான் பழுதானால்? ஜப்பானிய மருத்துவர் ஒகுச்சி 1907-இல் விவரித்த ஒரு மாலைக்கண் நோய் அதைத்தான் காட்டுகிறது. அரெஸ்டின் அல்லது கைனேஸ் மரபணுவில் கோளாறு. வெளிச்சத்தில் விழித்திரை பொன்போல் மின்னும். சில மணி நேரம் இருட்டில் இருந்தால் அந்த மினுமினுப்பு மறைந்து, இரவுப் பார்வையும் மெல்லத் திரும்பும். ஆனால் பளிச்சென்று ஒரு வெளிச்சம் பட்டால் போதும், மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதுதான்.